சூசை அண்ணாச்சியின் கோபம் எதைப் பற்றியது

நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன். இறந்தவரைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும், அதுவும் அமைதியாகச் சொல்ல வேண்டும் என்று எங்கள் தமிழம்மா சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் சொல்வேன். அமைதியாக இருக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. சூசை அண்ணாச்சியின் வேனில் பழையகாயலிலிருந்து தூத்துக்குடிக்குப் பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவரைத் தெரியும். ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

செய்தி வேன் குரூப்பில் வந்தது. அம்மாவின் போனில் நான்தான் முதலில் பார்த்தேன். "நமது முன்னாள் ஓட்டுநர் திரு. சூசை இன்று அதிகாலை மாரடைப்பால் காலமானார். நாளை வேன் வழக்கம்போல் வரும்." இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் ஒரு வரி இடம்கூட விடவில்லை. கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. ஒருவர் மட்டும், "எத்தனை மணிக்கு?" என்று கேட்டிருந்தார். அண்ணாச்சியின் அடக்கத்தைக் கேட்கவில்லை. வேனைத்தான் கேட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. காது சூடானது. தாடை இறுகியது. அந்த நிலைக்கு நானும் அண்ணாச்சியும் வைத்திருந்த ஒரு பெயர் உண்டு. வாதாங்கொட்டை உருளுது. அது எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். அவர் கோபக்காரர். சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தவர், ஒரு காது கேட்காமல் போனபிறகு கடலை விட்டுவிட்டு வேன் ஓட்ட வந்தார். ஒரு காது மந்தம் என்பதால் சாதாரணமாகப் பேசினாலே சத்தமாக இருக்கும். கோபம் வந்தால் கேட்கவே வேண்டாம். முள்ளக்காடு பக்கத்தில் ஒரு உப்பு லாரி எங்கள் வேனை உரசுகிற மாதிரி முந்திப் போனது நினைவிருக்கிறதா? அண்ணாச்சி துரத்திப்போய் மறித்து, இறங்கி, லாரிக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"ஏலே, உள்ள புள்ளைங்க இருக்கது உன் கண்ணுக்குத் தெரியலியா?"

"ஸ்கூல் வேன மாட்டு வண்டி மாதிரி உருட்டுதீரு. நீரெல்லாம் ஓரமாப் போவும்வே!" என்றார் லாரிக்காரர்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி சொன்னவற்றை எழுத முடியாது. அவர் திரும்பி வந்து ஏறியபோது ஆறாம் வகுப்பு ஜெசிந்தா பயத்தில் மடியிலேயே வாந்தி எடுத்திருந்தாள். அண்ணாச்சி அதைக் கண்ணாடியில் பார்த்தார். எழுந்து வந்து, தன் குடிதண்ணீரை ஊற்றி அவள் பாவாடையைக் கழுவிவிட்டார்.

டயர் விஷயம் அந்த மாதத்தில்தான் தொடங்கியது. பின்சக்கரம் இரண்டும் மொட்டை. ஒன்றில் உள்நூல் வெளியே தெரிந்தது. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மழைநாளில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது என்று அவர் பல தடவை சொல்லியிருந்தார். ஒருநாள் கட்டுரைப் போட்டிக்குப் பெயர் கொடுக்க நான் ஆபீஸ் வாசலில் நின்றபோது உள்ளே அவர் கத்துவது கேட்டது. மேசையை அறைந்த சத்தமும் கேட்டது. பிறகு தாளாளரின் மெல்லிய குரல்: "சூசை, முதல்ல உங்க கோபத்தைச் சரி பண்ணுங்க. டயரைப் பிறகு பார்ப்போம்."

வெளியே வந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியாளா புஸ்தகம்? நான் டயரப் பத்திப் பேசுதேன். அவரு என் மூஞ்சியப் பத்திப் பேசுதாரு."

புஸ்தகம் என்பது அவர் எனக்கு வைத்த பெயர்.

அந்த வாரம் நான் நூலகத்தில் எடுத்து வந்திருந்த புத்தகம் மூளையையும், ஸ்டோயிக்குகள் என்ற பழைய கிரேக்க, ரோமானிய ஞானிகளையும் சேர்த்துப் பேசுவது. கட்டுரைக்காக வேனில் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தேன். மூளைக்குள்ளே அமிக்டலா என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது, பாதாம் பருப்பின் வடிவம், ஆபத்து என்றால் முதலில் மணி அடிப்பது அதுதான், யோசிக்கிற பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது, அது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும் என்று விளக்கினேன்.

"பாதாமெல்லாம் யாரு கண்டா? வாதாங்கொட்டைன்னு சொல்லு," என்றார். "அப்ப நெத்தியில இருக்கவரு தூங்குமூஞ்சியா?"

"இல்ல அண்ணாச்சி. நிதானமா வாரவரு."

"அவரு வந்து சேருததுக்குள்ள நான் லாரிக்காரன் சட்டையைப் பிடிச்சுருதேன்."

வேனே சிரித்தது. அன்றிலிருந்து வாதாங்கொட்டை, நெத்திக்காரர் இரண்டும் எங்கள் வேனின் சொற்களாகிவிட்டன.

ஞானிகளை அவர் அவ்வளவு எளிதில் விடவில்லை. அவர்களில் ஒருவர் பேரரசர் என்றதும், "ராசாவுக்கு என்னளா, ஒதுங்குன்னா ஊரே ஒதுங்கும். அவர துறைமுகத்து ரோட்டுல ஒரு நாள் ஓட்டச் சொல்லு," என்றார். இன்னொருவர் அடிமையாக இருந்தவர் என்று சொன்னபோது கியரை மாற்றினார். "அப்ப அவரு சொல்லுதத வாசி."

எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் வாசித்ததன் சாரம். அவர் தலையாட்டினார். ஆனால் ஒரு சந்தேகம் கேட்டார். "கடலுக்கடியில மூச்சப் பிடிச்சா, மேல வந்து விட்டுரலாம். கோவத்தப் பிடிச்சா எங்கன வந்து விட?"

விளக்கை அணைக்கும் பழக்கத்தை அவரேதான் கண்டுபிடித்தார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் திரும்புகிற நாட்களில் யாராவது குறுக்கே வந்து அவருக்குச் சுரீரென்று ஏறினால், உப்பளத்து ஓரமாக வண்டியை நிறுத்துவார். என்ஜினை அணைப்பார். பாட்டை நிறுத்துவார். உள்விளக்கை அணைப்பார். "வாதாங்கொட்டை உருளுது. ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. கைய மடியில வச்சு உக்காருங்க." உப்பளத்துக் காற்று மட்டும் ஜன்னல் வழியாக வரும். ஜெசிந்தாகூடப் பயப்பட மாட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் கேட்கும்: "சரி, நெத்திக்காரர் வந்துட்டாரு." விளக்கு எரியும். அவர் அப்படிச் சொல்லும்வரை நாங்கள் அசைந்ததே இல்லை.

ஒருநாள் அந்த இருட்டில் அவர் சொன்னது: "இவ்வளவு நாளும் கோவம் கோவம்னு நினைச்சேன். கோவமில்ல புள்ளைகளா. பயம். அந்த டயர நினைச்சா எனக்குப் பயமா இருக்கு."

உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைத்தால் அதன் பிடி தளரும் என்று புத்தகத்தில் படித்தபோது நான் அடிக்கோடு போட்டேன். அவரோ, பிள்ளைகள் முன்னால் அந்தப் பெயரைச் சொன்னார்.

அப்படிப் பழகிய பிறகு மறுபடி ஆபீசுக்குப் போனார். ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி வந்தார். நான் கேட்டதற்கு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கோவத்த மட்டும் பிடிக்கச் சொன்ன. நான் நாக்கையும் சேத்துப் பிடிச்சுட்டேன்." மறுநாள் திரும்பவும் போனார். இந்தத் தடவை எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். தாளாளர் டீ கொடுத்து, "பார்க்கலாம் சூசை, இப்ப நல்லா மாறிட்டீங்க," என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

டயர் வரவில்லை. கத்தினால், இவனுக்குக் கோபம் வந்துவிட்டது என்று தள்ளினார்கள். கத்தாமல் கேட்டால், ஒன்றும் அவசரமில்லை என்று தள்ளினார்கள். இதை எழுதும்போதும் என் தாடை இறுகுகிறது. அவருக்கு இருந்தது ஒரு வாய். அது எப்படிப் பேசினாலும் கேட்காமல் இருக்க அவர்களிடம் காரணம் தயாராக இருந்தது.

மழை பிடித்த வாரத்தில் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் எங்களை இறக்கிவிட்டு, என்னை மட்டும் நிறுத்தினார்.

"புஸ்தகம், தாளாளர் மனசு என் கையில இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

"டயர் வாங்குதது?"

"அதுவும் இல்ல."

சாவியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது?"

அவர் உள்ளே போனார். மேசை அறையும் சத்தம் கேட்கவில்லை. "டயர் மாத்துன அன்னிக்கு வாரேன் சார்," என்று சொல்லிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். அன்று மாலை நாம் எல்லாரும் டவுன் பஸ்ஸில் நெருக்கியடித்து வீடு வந்தோம். உங்களில் எத்தனை பேர் அன்று அவரைத் திட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவும் திட்டினார். "கடைசில கோவக்காரன் புத்தியைக் காட்டிட்டான் பாரு" என்றார். அப்பாவிடம் அந்த வாரம் முழுக்க நான் பேசவில்லை.

புதிதாக வந்த ஓட்டுநரும் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் டயர் மாறியது. அண்ணாச்சி சொன்னபடி அன்றைக்கே வந்தார். அவருடைய இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு அவர் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டினார். வழியில் எங்கள் வேனைக் கண்டால் ஹாரன் அடித்து, டயரைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்துவார்.

துக்க வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள், அவ்வளவு கோபம் இருந்தால் நெஞ்சு தாங்குமா என்று. அவருக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரை ஒழுங்காக எடுக்கவில்லை என்று அவர் மனைவி ரோஸ்லின் அக்காதான் சொன்னார்கள். எதனால் போனார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுத மாட்டேன். அவர்களும் பேசியிருக்கக் கூடாது.

பெற்றோர் சிலர் கேட்டதால் பள்ளிக்கூட அரங்கில் ஒரு மாலை இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நான் பேச வேண்டும் என்றார்கள். எழுதிக்கொண்டு போனதைத் தமிழம்மா வாங்கி, டயர் வருகிற வரிகளையெல்லாம் அடித்துக் கொடுத்தார்கள். "ரொம்பக் கோபமா எழுதியிருக்கம்மா," என்றார்கள். நான் டயரைப் பற்றி எழுதியிருந்தேன். அவர்கள் என் கோபத்தைப் பற்றிப் பேசினார்கள்.

தாளாளர் முதலில் பேசினார். சூசை பொறுமையின் சின்னம் என்றார். ஒருபோதும் குரலை உயர்த்தியதில்லை என்றார். பிள்ளைகளின் பாதுகாப்பில் நிர்வாகம் எப்போதும் கண்ணாக இருந்ததால், தாமாகவே முன்வந்து வேனின் டயர்கள் அனைத்தையும் மாற்றியதாகவும் அதற்குச் சூசை நன்றியோடு இருந்ததாகவும் சொன்னார். முன்வரிசையில் ரோஸ்லின் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வாதாங்கொட்டை உருண்டது. நான் அதைத் தடுக்கவில்லை, அதன் பின்னால் ஓடவும் இல்லை. உள்ளங்கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். காதுச் சூடு குறைந்தது. மூச்சு சீரானது. ஆனாலும் அவர் சொன்னது பொய்தான் என்பது அப்படியே இருந்தது. சாவியை வைத்துவிட்டு வந்த சில நாள் கழித்து அண்ணாச்சி ஒன்று சொல்லியிருந்தார்: "அலை அடிச்சு ஓஞ்ச பொறவும் அங்கனயே கிடந்தா, அது கல்லுதாம்ளா. நுரையில்ல." அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தக் கல்லைத்தான். காத்திருக்க வேண்டும். காத்திருந்த பிறகும் எது மிச்சம் கிடக்கிறதோ, அதைச் சொல்லிவிட வேண்டும். மூச்சை மேலே வந்து விடுகிற மாதிரி.

மைக்குக்குப் போனேன். திருத்திக் கொடுத்த தாளை மடித்து வைத்தேன். "டயரை மாற்றச் சொன்னது சூசை அண்ணாச்சி. அதற்காகத்தான் அவர் கத்தினார். அதற்காகத்தான் கத்தாமலும் கேட்டார். அதற்காகத்தான் வேலையை விட்டார். அவர் பொறுமைசாலி இல்லை," என்றேன். என் குரல் நடுங்கவில்லை. ரோஸ்லின் அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"உணர்ச்சிவசப்படாதேம்மா, உட்கார்," என்றார் தாளாளர். கூட்டம் முடிந்தது, எல்லாரும் கலையலாம் என்றும் சொன்னார். மைக்கை நிறுத்தினார்கள். நான் இறங்கி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். பெரியவர்கள் நாற்காலிகளை நகர்த்தினார்கள். வேன் பிள்ளைகள் மட்டும் எழுந்திருக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கிளம்பட்டும் என்று வாட்ச்மேன் சுவிட்சுப் பலகைக்குப் போய், முதலில் நாங்கள் இருந்த பக்கத்து விளக்குகளை அணைத்தார். இருட்டு விழுந்ததும் எனக்குப் பின்னால் ஜெசிந்தா கைகளை மடியில் வைத்துக்கொள்வது வளையல் சத்தத்தில் தெரிந்தது. பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். பிறகு அந்த வரிசை முழுவதும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கலாம் என்று சொல்ல வேண்டியவர் அங்கே இல்லை. மேடை விளக்கு அணைந்தது. கடைசியாக, மாலை போட்ட அவர் படத்துக்கு மேலே இருந்த விளக்கையும் அணைத்தார்கள்.