பெயிண்டுக்கு அடியில் தண்ணீர்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் லேசர் அறைக்குப் பத்தொன்பது வருடமாக எல்லாமே லோர்னா பாஸ்கோதான். பட்டம் கிடையாது, வெறும் ஆய்வகப் பணியாளர். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரையும் பச்சைக் கதிரையும் ஒரே புள்ளியில், ஒரே கணத்தில் சந்திக்க வைக்க அவள் கைதான் வேண்டும். அவை சந்தித்தால், இரண்டு பொருள்கள் ஒட்டும் இடத்திலிருந்து மட்டும் புதிதாக ஒரு நீல ஒளி கிளம்பும். அங்கே என்ன ஒளிந்திருக்கிறதென்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

போர்ட் லிங்கன் துறைமுகத்தில் ஸ்டாவ்ரோஸ் கனெல்லிஸ் என்பவர் பூசிய மீன்பிடிப் படகுகளில் பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்தது. அவர் இரும்பைச் சரியாகத் தேய்க்கவில்லை என்று பெயிண்ட் கம்பெனி பழி போட்டது. அவருடைய தொழில் உரிமம் பறிபோகும் நிலை. தவறு அவருடையதுதான் என்று நிரூபித்துத் தரும்படி, லேசர் அறைக்குத் தலைவரான பேராசிரியர் கிரஹாம் டில்புரூக்கை அமர்த்தியதும் அதே கம்பெனிதான்.

லோர்னா துளி அழுக்கில்லாத, ஒளி ஊடுருவும் நீலக்கல் துண்டில் மெல்லிய இரும்புப் படலம் ஏற்றி, அந்தப் பெயிண்டைப் பூசி உப்புநீரில் ஊறவைத்தாள். மூன்றாம் நாளே பெயிண்டுக்கு அடியில் தண்ணீர் இருப்பதை நீல ஒளி காட்டியது. மேலே பளபளப்பு குறையவில்லை. வேறு பெயிண்டில் மூன்று வாரமாகியும் ஒன்றுமில்லை. கோளாறு தேய்ப்பில் இல்லை, பெயிண்டில்தான்.

டில்புரூக்கின் அறிக்கையில் 'ஒட்டும் இடத்தை ஆராய இயலவில்லை' என்றிருந்தது. அவள் நேரே அவர் அறைக்குப் போனாள்.

"இயலலைன்னா யாருக்கு இயலலை, கிரஹாம்? நான் ஆறு தடவை பாத்தாச்சு."

"அது கருவியில தானா வர்ற வெறும் இரைச்சலா இருக்கலாம், லோர்னா. இதுல நீ தலையிடாத."

"இரைச்சல் ஆறு தடவையும் ஒரே இடத்துல வராது. அந்த மனுஷன் பொழப்பு போகுது."

உரிமம் பற்றிய விசாரணையன்று தன் குறிப்பேட்டோடு போய் உட்கார்ந்தாள். கம்பெனி வக்கீல், அவள் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டார். பத்தாவது என்றாள். அவர் சிரித்ததில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குரலை உயர்த்தாமல் ஒவ்வொரு அளவையும் வாசித்தாள். ஸ்டாவ்ரோஸின் உரிமம் தப்பியது.

மறுவாரம் அவளை மாணவர் ஆய்வகத்தில் குடுவை கழுவப் போட்டார்கள். லேசர் அறையில் இரண்டு மாதம் கதிர்கள் சந்திக்கவே இல்லை. டில்புரூக் கூப்பிட்டனுப்பியபோது, அறிக்கையைத் திருத்திக் கையெழுத்துப் போட்டால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள்.

திருத்தினார். நன்றி சொன்ன கடைசி வரியில் அவள் பெயரைத் தப்பாக அச்சிட்டிருந்தார்கள். அதற்கும் ஒரு புகார்க் கடிதம் எழுதி, துணைவேந்தருக்கே அனுப்பினாள்.