பெல்ரோஸ் காரின் கூன் நிமிர்ந்த கதை

கஸிமிர் மாலெக் அந்தக் காருக்குக் கூன் வைத்தது வேண்டுமென்றேதான். யாருக்கும் அது பிடித்துவிடக் கூடாது என்று நினைத்தே வைத்தான்.

டெட்ராய்ட்டில் கார் வடிவமைக்கும் கூடங்களில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. முழு அளவில் களிமண்ணால் செய்த காரைப் பார்வையிட வரும் பெரிய அதிகாரி எதையாவது மாற்றச் சொல்லாமல் போகமாட்டார். சும்மா போனால் அவர் பதவிக்கு என்ன மரியாதை? அதனால் புது வீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டுவதுபோல, காரில் ஓர் அசிங்கத்தை ஒட்டிவைப்பார்கள். அதை அவர் எடுக்கச் சொல்வார், மற்றதெல்லாம் தப்பிக்கும். கூடத்தில் அதற்குப் பெயர் பலியாடு.

அந்த வருடத்துப் பலியாடு பின்சக்கரத்து மட்கார்டின்மேல் ஒரு கூன். துணைத் தலைவர் தாயர் காரைச் சுற்றி வந்தார், கூனைத் தடவினார். "அருமை. இதுல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆடு பிழைத்தது, கார் பலியானது.

உலகப் போருக்கு முன்னால் பெல்ரோஸ் வாங்குவதென்றால் ஒருவன் வாழ்க்கையில் தேறிவிட்டான் என்று அர்த்தம். கூன் வந்த பிறகு கடைகளில் தூசி படிந்து நின்றது. தொழிற்சாலையில் இரண்டாவது ஷிஃப்டை நிறுத்தினார்கள். தகட்டை அச்சில் அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் அந்த மட்கார்டை அடித்துக்கொண்டிருந்த யூசெஃப் மாலெக்குக்கும் வேலை போயிற்று. அவர் கஸிமிரின் அப்பா.

அவர்கள் குடியிருந்த ஹாம்ட்ராமிக்கின் பார்களில் யூசெஃபுக்குக் 'கூனன் அப்பா' என்று பெயர் வந்தது. அவர் கோபப்படவில்லை, வீட்டுக்கு வந்து மகனிடம் அப்படியே சொன்னார்.

"டேய் காஸ், நம்ம வம்சத்துலயே காலேஜ் படிச்சவன் நீ ஒருத்தன். படிச்சு முடிச்சு என்ன கண்டுபிடிச்சே? ஒட்டகம்."

"அது பலியாடுப்பா."

"ஆடோ ஒட்டகமோ, வீட்டுல உக்காந்திருக்கிறது நான்தானே. இந்தா, பியரோகி ஆறிப்போகுது, சாப்பிடு."

கஸிமிர் சாப்பிட்டான். உருளைக்கிழங்கு வைத்த அந்தப் போலந்துக் கொழுக்கட்டையை மென்றுகொண்டே யோசித்தான். தனக்குத் தெரிந்தது நல்ல காரை வரைவதா, பெரியவர்களை ஏமாற்றுவதா? வரையத்தான் கல்லூரிக்குப் போனான். ஆனால் கூடத்தில் முதலில் கற்றுக்கொண்டது மற்றதைத்தான்.

பெல்ரோஸை மாற்றி வரைய ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அதுவும் தேறாவிட்டால் அந்தப் பெயரையே புதைத்துவிடுவதாகப் பேச்சு. பெயர் போனால் பிரஸ் ஷாப்பும் போகும்.

கஸிமிர் ஒவ்வொன்றாகக் கழற்றினான். கூன் போயிற்று. பக்கவாட்டில் ஓடிய பளபளப்புப் பட்டைகள் போயின. முன்விளக்கில் புறப்பட்டுப் பின்விளக்கு வரை போகும் ஒரே ஒரு கோட்டை வைத்துக்கொண்டு, அதன்மேல் கூரையைத் தாழ்வாக இறக்கினான். களிமண் வேலைக்காரர்களின் தலைவர் ஆல்டோ, காரைச் சீவிச் சீவி அந்தக் கோட்டைக் கொண்டுவந்தார். தாயர் பார்வையிடும் நாளன்று காலையில் ஒரு களிமண் உருண்டையோடு வந்து நின்றார்.

"ஆட்டை எங்க கட்டப்போறே, காலேஜு?"

"இந்தத் தடவை ஆடு கிடையாது."

"பைத்தியமா உனக்கு? கிழவன் கை சும்மா இருக்காது. கூரையைத் தூக்குன்னு சொல்லுவான். அப்புறம் உன் கோடு எங்க போகும்?"

"போனா போகட்டும். ஆனா அவருக்குப் பிடிக்கக் கூடாதுன்னு இனி ஒண்ணு செய்யமாட்டேன். ஒருதடவை செஞ்சு எங்கப்பா வேலையைச் சாப்பிட்டாச்சு."

ஆல்டோ உருண்டையைக் கையிலேயே பிசைந்துகொண்டு நின்றார்.

தாயர் வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. எடுக்கச் சொல்ல ஏதாவது அகப்படுமா என்று குனிந்தார், நிமிர்ந்தார். பின்சக்கரத்தருகே வந்ததும் கை தானாக மட்கார்டுக்குப் போயிற்று.

"இங்க ஒண்ணு இருந்துச்சே."

"எடுத்துட்டோம் சார்."

"எனக்கு அது பிடிச்சிருந்தது."

கஸிமிர் ஓரடி முன்னால் வந்தான். "தெரியும் சார். நீங்க வேண்டாம்னு சொல்றதுக்காகத்தான் அதை வச்சோம்."

ஆல்டோ மோட்டுவளையைப் பார்த்தார். தாயரின் காது சிவந்தது. திரும்பி எல்லார் முகத்தையும் பார்த்தார்.

"வேற யாருக்காவது அது பிடிச்சிருந்ததா?"

ஒருவர்பின் ஒருவராக இல்லையென்று தலையாட்டினார்கள்.

"இத்தனை பேர்ல ஒருத்தன்கூட எங்கிட்ட சொல்லலையே."

"நீங்க அருமைன்னுட்டீங்க சார். அதுக்குமேல நாங்க எங்க பேச?" என்றார் ஆல்டோ.

தாயர் கூரையை அளப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். கஸிமிர் தன் கோட்டை மனதுக்குள் வழியனுப்பிக்கொண்டிருந்தான்.

"இப்படியே போகட்டும்" என்றார் தாயர். "எவனாவது இதுல ஒரு பட்டை ஒட்டினா எங்கிட்ட அனுப்புங்க. அந்த எவன்ல நானும் சேர்த்தி."

இலையுதிர் காலத்தில் புது மாடல்கள் வெளிவரும் நாள் வந்தது. கார்க் கடைகளின் கண்ணாடியை மறைத்திருந்த பழுப்புக் காகிதத்தைக் கிழித்ததும், ஜோசஃப் காம்பாவ் தெருவில் கூட்டம் நடைபாதையை விட்டுத் தெருவுக்கு வழிந்தது. கோட் போட்டவரும் கரி படிந்த சட்டைக்காரரும் பெல்ரோஸைப் பார்க்க ஒரே கண்ணாடியில் மூக்கை ஒட்டினார்கள். அன்று மாலைக்குள் கடைக்காரர் தான் ஓட்டுவதற்கு வைத்திருந்த காரையும் விற்றுவிட்டார்.

பனி விழுவதற்குள் இரண்டாவது ஷிஃப்ட் திரும்பியது. அதுவும் போதாமல் மூன்றாவது வந்தது. யூசெஃப் பெருமை பொங்கப் புலம்பினார், தெருவுக்கே கேட்கும்படி.

"ஞாயித்துக்கிழமையும் வான்னு கூப்பிடுறான். எம் மவன் வரைஞ்ச கார், என்னைப் பூசைக்குக்கூட விடமாட்டேங்குது."

அந்த ஞாயிறு கஸிமிர் அம்மாவோடு மாதா கோயிலுக்குப் போனான். ஆண்கள் உட்காரும் பெஞ்சுகளில் பாதி காலி, உட்கார வேண்டியவர்கள் ஷிஃப்டில் இருந்தார்கள். பாட்டில் பெண்கள் குரல்தான் ஓங்கியிருந்தது, ஆண்களின் கட்டைக்குரல் பாதிதான். பிரசங்கத்துக்கு எழுந்த பாதிரியார் காலிப் பெஞ்சுகளை ஒருதரம் பார்த்தார், கஸிமிரை ஒருதரம் பார்த்தார்.

"வராதவங்களுக்காகவும் இன்னைக்கு நன்றி சொல்லுவோம்" என்று ஆரம்பித்தார்.