எட்டாவது புடவை

போனில் முதல் ஆர்டர் விழுந்த சத்தம் கேட்டதும் ரூபீனா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு ஓடி வந்தாள். யார், என்ன, எத்தனை, எதையும் பார்க்கவில்லை. போனை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள், பிஸ்மில்லா சொன்னாள், ஆர்டரை ஏற்கும் பொத்தானை அழுத்தினாள். அப்புறம்தான் படித்தாள்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் பெற்ற அத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிளிப்பும் வளையலும் விற்று வளர்ந்தவள் அவள். காலையில் வருகிற முதல் வியாபாரம் போணி. போணிக்கு வந்தவரை இல்லை என்று திருப்பி அனுப்பினால் அன்றைக்கு முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். பிளாட்பாரம் போய், கடை இப்போது ஒரு விற்பனை ஆப்பாக உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. போணி மட்டும் போகவில்லை. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்து ஊர் ஊராகப் புடவை விற்கிற இந்த நாலு வருஷத்தில், ஒரு போணி ஆர்டரைக்கூட அவள் ரத்து செய்ததில்லை.

படித்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள். வெங்காயத் தோல் நிறம், கிளிப்பச்சைக் கரை. அதே புடவை எட்டு வேண்டும். ஜெயஸ்ரீ என்று பேர், கோயம்புத்தூர் முகவரி. அன்று மாலைக்குள் பார்சல் கிளம்பியாக வேண்டும். வீட்டில் அந்தப் புடவை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் இருக்கக் கூடாத கோலத்தில்.

எப்போதும் என்றால் ஏழெட்டு ஆர்டர் ரத்தானாலும் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். இப்போது அப்படி முடியாது. போன மழைக்குச் சந்தில் தண்ணீர் ஏறி, பார்சல் எடுக்க ஆள் வராமல் இரண்டு ஆர்டர் ரத்தாகியிருந்தன. சென்னையே மிதந்தது, ஆப்காரனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்தும் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை அனுப்பினான்: இன்னும் ஒரு ஆர்டர் ரத்தானால், தாமதமானால், கணக்கு நிரந்தரமாக மூடப்படும். மூடினால் நாலு வருஷம் சேர்த்த நட்சத்திரமும் வாடிக்கையும் ஒரே நொடியில் போய்விடும். வேறு பேரில் திறக்கலாமே என்றால், ஒருத்திக்கு ஆதார் ஒன்றுதான். அவள் கணவர் ஹபீபுர் ரஹ்மான் ஏசி மெக்கானிக். சித்திரையில் அவரைக் கையில் பிடிக்க முடியாது, ஐப்பசி முதல் தை வரை கூப்பிட ஆள் இருக்காது. இது தை மாசம். வீட்டில் உலை கொதிப்பது ரூபீனாவின் போனால்தான்.

தி. நகரில் பொன்ராஜ் அண்ணாச்சி கடை ரேக்குதான் அவளுடைய குடோன். அங்கே இருக்கும் புடவையைப் படம் எடுத்துப் போடுவாள், ஆர்டர் வந்தால் போய் எடுப்பாள். ரீசெல்லர் பிழைப்பே கையில் இல்லாததை விற்பதுதானே. அண்ணாச்சியின் மகன் பாலகணேஷுக்குப் போன் போட்டு, "தம்பி, வெங்காயத் தோல் கலர் எட்டு இருக்குமா?" என்று கேட்டாள். "இருக்கும்க்கா, வாங்க" என்றான் அவன். உயிர் வந்தது.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊதுபத்திப் புகைகூட அடங்கவில்லை. பொன்ராஜ் ரேக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஏழாவதோடு கை நின்றது.

"ஏழுதான் கெடக்கு தங்கச்சி."

"தம்பி எட்டு இருக்கும்னு சொன்னாரே அண்ணாச்சி."

"அவன எதுக்குக் கோவிக்கிய? கடையில நிக்கிறவன் வாயில இல்லங்கிற சொல்லே வரக் கூடாதுன்னு நான்தான் பழக்கி வச்சிருக்கேன். மூட்ட லாரி ஆபீஸ்ல வந்து நிக்கி. நாளைக்கி மத்தியானம் வந்துரும்."

"நாளைக்கு வந்து என்னா பண்றது. இன்னைக்குச் சாயங்காலம் பார்சல் போகலைன்னா என் கணக்கை மூடிடுவான்."

பொன்ராஜுக்கு மெய்யாகவே வருத்தமாக இருந்தது. "ஒண்ண மட்டும் வேற கலர்ல போட்டு விடுங்களேன். எட்டுல ஒண்ணு, யாரு பாக்கா?"

"எட்டும் ஒரே மாதிரி வேணும்னுதான் வாங்குறாங்க. ஏதோ விசேஷம். ஒருத்தி மட்டும் தனியா நிக்க முடியுமா?"

சொல்லிவிட்டு, ஏழையும் ஒவ்வொன்றாக விரித்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இது அவள் வழக்கம். இழை விட்டிருக்கிறதா, சாயம் திட்டாக நிற்கிறதா என்று முந்தி முதல் உள் முனை வரை பார்க்காமல் எடுக்க மாட்டாள். "அக்கா வந்தா நம்ம சேலைக்கெல்லாம் பரீட்சை" என்று பாலகணேஷ் கேலி செய்வான். அவனுக்கு என்ன தெரியும். நாத்தனார் நிக்காஹுக்கு வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் புடவை எடுத்தார்கள். அதில் ஒன்றுக்குக் கரையோரம் சாயம் ஓடியிருந்தது. மாமியார் அமீனா பீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ரூபீனாவுக்குக் குடு, அவளுக்கு எதைக் கட்டினாலும் அழகாத்தான் இருக்கும்" என்று இவள் மடியில் போட்டார். பிளாட்பாரத்துக்காரன் பெண், மூன்றாவது மருமகள், வாயைத் திறப்பாளா? சிரித்துக்கொண்டே கட்டினாள். அன்றைக்கு எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றிலும் யார் முதுகுக்குப் பின்னாலாவதுதான் அவள் நிற்பாள்.

ஏழையும் வாங்கிக்கொண்டு எட்டாவதைத் தேடி அவள் உஸ்மான் ரோட்டிலும் ரங்கநாதன் தெருவிலும் ஏறாத கடை இல்லை. ஒரு இடத்தில் நிறம் சேர்ந்தது, கரை ராமர் பச்சையாக இருந்தது. இன்னொரு இடத்தில் கரை சேர்ந்தது, துணி வேறு. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து ஆப்காரனின் உதவிப் பகுதிக்கு எழுதினாள்: வாங்குகிறவர் போன் நம்பர் மட்டும் கொடுங்கள், ஒரே ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறேன். பிளாட்பாரமாக இருந்தால், "ஏழுதான்மா கீது, ஒண்ணு நாளைக்கு வாங்கிக்கோ" என்று சொல்லி முடித்திருப்பாள். பதில் உடனே வந்தது. எழுதியது மனுஷனா மெஷினா, அது படைத்தவனுக்கே வெளிச்சம். வாடிக்கையாளரின் விவரங்களைத் தர இயலாது, தங்களுக்கு உதவியதில் மகிழ்ச்சி. உதவினானாம், மகிழ்ச்சியாம். கட்டையில போக.

வீட்டுக்கு வந்ததும் அவள் கண் பீரோ மேலேயே போனது. வெங்காயத் தோல் நிறத்தில் எட்டாவது அங்கே இருந்தது. கார்த்திகையில் அடையாறுக்காரி ஒருத்தி வாங்கி, விசேஷத்துக்குக் கட்டி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து, 'கலர் படத்தில் இருப்பது போல் இல்லை' என்று திருப்பி அனுப்பிய புடவை. முந்தியில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சாம்பார்க் கறை, தோளில் ஊக்குக் குத்திய ஓட்டை. பார்சலைப் பிரித்தபோது மல்லிகைப்பூ வாசம் வந்தது. இப்படியும் பொம்பளைகள் இருப்பார்களா என்று அன்றைக்கு அவளைக் குலம் கோத்திரம் விடாமல் திட்டியது ரூபீனாதான்.

"இதையே வச்சி அனுப்பு" என்றார் ஹபீபுர் ரஹ்மான்.

"கறை கீதுங்க."

"அவ உன் தலையில கட்டுனா, நீ இன்னொருத்தி தலையில கட்டு. நாம மட்டும் இளிச்சவாயா? ஊருக்கு நல்லவளா இருந்து கடைய மூடிக்கினு உக்காரப் போறியா?"

அவர் கெட்டவர் இல்லை. மூன்று மாசமாகப் போன் அடிக்காத மனுஷன், அவ்வளவுதான். அவள் புடவையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவந்துபோய் இன்னும் பளிச்சென்று காட்டியது. எலுமிச்சம்பழம் தேய்த்தாள். மொட்டை மாடியில் கறை மேல் நேராக வெயில் விழும்படி பிடித்துக்கொண்டு நின்றாள். மஞ்சள் வெயிலுக்கு ஓடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதற்கு ஒரு நாள் வெயில் வேண்டும், அவளிடம் அது இல்லை. கறை மங்கியது, போகவில்லை. தெரியும் என்று நினைத்துப் பார்த்தால் தெரிந்தது, தெரியாது என்று நினைத்துப் பார்த்தால் தெரியாமலும் இருந்தது. ஆசை யாரைத்தான் குருடாக்கவில்லை.

கீழே இறங்கி இஸ்திரி போட்டாள். பெட்டியைத் தரையில் வைத்தாள். போனை ஸ்டாண்டில் மாட்டி வீடியோவை ஓடவிட்டாள். பார்சல் கட்டும்போது படம் பிடிக்காமல் அவள் கட்டுவதே இல்லை. புடவை வாங்கியவர்கள் பழைய துண்டைத் திருப்பி அனுப்பி ஏமாற்றிய காலத்தில் கற்ற பாடம் அது. ஒவ்வொரு புடவையையும் விரித்து, இரண்டு பக்கமும் காட்டி, மடித்து உள்ளே வைக்க வேண்டும். அந்த வீடியோதான் அவளுக்குக் காவல்.

ஒன்று, இரண்டு என்று விரித்துக் காட்டினாள். ஏழு வரைக்கும் கை தன்பாட்டுக்கு ஓடியது. எட்டாவதை எடுத்தாள். முந்தியை விரித்தால் கறை வீடியோவில் விழும். விரிக்காவிட்டால், ஏன் இதை மட்டும் விரிக்கவில்லை என்று நாளைக்கு அவள் வீடியோவே அவளைக் கேட்கும். வாசலில் வண்டிச் சத்தம்.

"அக்கா, ரெடியா? இன்னும் நாலு வூட்டுக்குப் போவணும்" என்றான் பார்சல் எடுக்க வந்த அறிவு.

"ரெண்டு நிமிசம் இருப்பா."

புடவையை விரித்தாள். கட்டைவிரலைக் கறை மேல் வைத்து அழுத்திக்கொண்டு விரித்தாள். பார்ப்பவர்களுக்கு அவள் முந்தியைப் பிடித்திருப்பது போலத்தான் இருக்கும். திருப்பிக் காட்டினாள், விரலை எடுக்காமலே மடித்தாள், மற்ற ஏழுக்கும் நடுவே செருகினாள். டேப் ஒட்டினாள். அறிவு ஸ்கேன் பண்ணினான், பெட்டி வண்டியில் ஏறியது, வண்டி சந்து முனையில் திரும்பியது. போணி நிலைத்தது, கணக்கும் பிழைத்தது.

அடுத்து வந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்காதீர்கள். போன் அடித்தால் தூக்கிவாரிப்போடும். ஜெயஸ்ரீ திருப்பி அனுப்பப் போகிறாள், புகார் எழுதப் போகிறாள், பழைய புடவை விற்ற களவாணி என்று ஊரே பார்க்கப் போட்டுவிடுவாள். பொன்ராஜ் கடையில் மூட்டை வந்திறங்கியது, நாற்பது புடவை அதே நிறத்தில். பார்க்கவே எரிந்தது.

ஒரு மத்தியானம் ஹபீபுர் ரஹ்மான் போனை எடுத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்தார். "பாரு, நீதான் பயந்து செத்தே."

ஜெயஸ்ரீ எழுதியிருந்தாள். வளைகாப்புக்குச் சரியான நேரத்தில் வந்தது, எட்டும் ஒரே மாதிரி அழகு, ஒன்றில் மட்டும் லேசாகக் கறை, அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டோம், நம்பி வாங்கலாம். ஐந்து நட்சத்திரம். கூடவே ஒரு போட்டோ.

அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டோம். ரூபீனா அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியாமல் நின்றாள். எட்டுப் பேரில் யார் பண்ணிக்கொண்டது? போட்டோவை விரலால் பெரிதாக்கினாள். நடுவில் வயிற்றுப்பிள்ளைக்காரி, சுற்றிலும் வெங்காயத் தோல் நிறத்தில் பெண்கள். ஏழு பேர் முந்தியை விரியவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். எட்டாவது ஒருத்தி ஓரத்தில், பாதி உடம்பு தூணுக்குப் பின்னால். முந்தியைச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தாள். கையில் சந்தனமும் வளையலும் வைத்த தட்டு. அவள் கேமராவைப் பார்க்கவில்லை, தட்டு சரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகளா, ஒண்டியிருக்கும் தங்கையா, வேலைக்கு நிற்பவளா, யார் கண்டது. அந்த வீட்டு அமீனா பீ யாரோ இவளுக்கும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லித்தான் கொடுத்திருப்பார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அடையாறுக்காரி தின்ற சாம்பாருக்கும், ரூபீனா காப்பாற்றிய கணக்குக்கும், முகமறியாத ஒருத்தி முந்தியைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறாள். ரூபீனாவுக்குத் தன் கட்டைவிரலைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "அஞ்சு ஸ்டாருக்கு எவளாவது அழுவாளா" என்று கேட்ட ஹபீபுர் ரஹ்மான், போட்டோவைத் திரும்பப் பார்த்துவிட்டுப் போனை அவள் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் பொன்ராஜ் கடையில் புது மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்தாள். வாசல் வெளிச்சத்தில் இரண்டு தடவை பார்த்தாள். வீட்டில் வீடியோ போடாமல் கட்டினாள். அனுப்பினால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும், ஜெயஸ்ரீக்கு எரிச்சல் வந்து நட்சத்திரத்தைப் பிடுங்கினாலும் பிடுங்கலாம், கணக்கே போனாலும் போகலாம் என்று ஹபீபுர் ரஹ்மான் ஒரு தடவை எடுத்துச் சொன்னார். "போனா போவட்டும்" என்றாள். ஜெயஸ்ரீ பேருக்கு அனுப்பினால் அது ஜெயஸ்ரீயின் பீரோவுக்குள் போய்விடும். பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஏதோ எழுதினாள்.

அறிவு வந்து பார்சலைப் புரட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, அட்ரஸ் கீது, பேரே இல்ல? 'போட்டோவுல தட்டு புடிச்சிக்கினு ஓரமா நிக்கிறவங்களுக்கு'ன்னு எழுதிக்கீற. யாருன்னு குடுப்பாங்க?"

"வீட்டுல இருக்குறவங்களுக்குத் தெரியுதோ இல்லையோ," என்றாள் ரூபீனா, "நிக்கிறவளுக்குத் தெரியும்பா."