தெளிவில்லை என்று நான் குறித்த முகங்கள்

கண்ணுக்கு நேரே இருந்த முகங்கள் எனக்கு ஏன் தெரியாமல் போயின? பல மாதங்களாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். காரணங்கள் நிறையச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் நிற்கவில்லை.

நன்னிலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருக்கிறது எங்கள் சென்டர். பன்னிரண்டு கம்ப்யூட்டர், பன்னிரண்டு பெண்கள், ஒரு மேனேஜர். ‘கிராமத்துப் பெண்களுக்குக் கணினி வேலை’ என்று வாசலில் போர்டு. எனக்குப் படித்து முடித்த கையோடு கல்யாணம், அடுத்த வருஷம் குழந்தை, பிறகு கணவர் துபாய் போனார். மகளை எல்கேஜியில் சேர்த்த பிறகுதான் நான் வேலைக்கு வந்தேன். அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தால், தண்ணீர் பாட்டிலின் மூடியைச் சரியாகத் திருகினேனா என்று அரைமணி நேரம் அதே நினைப்பாக இருக்கும். அப்படி எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிற சுபாவம் என்பதாலோ என்னவோ, ஆறே மாதத்தில் என்னைச் செக்கர் ஆக்கிவிட்டார்கள்.

வேலை சிரமமில்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று போட்டோக்கள் அனுப்பும். ஒவ்வொரு முகத்தையும் சுற்றிக் கட்டம் போட்டு, கண், மூக்கு, வாய் இருக்கும் இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். முகம் தெளிவாக இல்லையென்றால் ‘ரிஜெக்ட்’ பட்டனை அழுத்தித் தள்ளிவிடலாம். மற்றவர்கள் செய்ததை நான் பார்த்து, தப்பு என்றால் தப்பு என்று குறிப்பேன். மூன்று மாதம் தொடர்ந்து தப்பு அதிகமானால் அந்தப் பெண்ணை நிறுத்திவிடுவார்கள்.

எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனியிலிருந்து வருகிறவள். அவள் அம்மா எங்கள் வயலில் நடவு நட்டவர். அவர்கள் வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள் இவள்தான். திருவாரூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் டிப்ளமோ முடித்தவள். எங்கள் இருவருக்கும் ஒரே வயசு. அவள் என்னை ‘அக்கா, வாங்க’ என்பாள். நான் அவளை ‘வாடி’ என்பேன். அதை நான் யோசித்ததே இல்லை.

ஒரு திங்கட்கிழமை புதிய போல்டர் வந்தது. திறந்தால் எல்லாரும் கறுப்பின மக்கள். பிறந்தநாள் கேக் முன்னால் குழந்தைகள், சர்ச் வாசலில் தொப்பி வைத்த பெண்கள், அடுப்படியில் கரண்டியோடு சிரிக்கும் ஒரு பெரியவர். ஸ்டுடியோ படங்கள் இல்லை, வீட்டில் எடுத்தவை. நான் முதல் பத்தைப் பார்த்துவிட்டு, “இது சரியா விழல, தள்ளிடுங்க” என்று எல்லோருக்கும் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் இருக்கும் காரணங்களில் ஒன்று இது. எங்கள் பக்கம் போட்டோ எடுத்தால் ஸ்டுடியோக்காரர் முகத்தை வெளுப்பாக்கித்தான் கொடுப்பார். கேட்க வேண்டியதில்லை. அவர் மறந்துவிட்டால், “என்னண்ணே, இருட்டடிச்சு விழுந்திருக்கே” என்று திருப்பிக் கொடுப்போம், அவரும் மன்னிப்புக் கேட்டு மாற்றித் தருவார். எனக்கு வரன் பார்க்க அனுப்பிய படமும் அப்படித்தான். பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பார்த்த மாமியார், “பொண்ணு எங்க?” என்று கேட்டாராம். அதைச் சொல்லி இன்றும் வீட்டில் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன். நானே கறுப்புதான். கறுப்பாக இருக்கும் படம் கெட்டுப்போன படம் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எப்போதும் தெரிந்தே இருந்தது.

அவள் மட்டும் தள்ளவில்லை. நிதானமாகக் கட்டம் போட்டுப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, இதத் தள்ளச் சொன்னேனே?”

“கண்ணு தெரியுதுக்கா. மூக்கு தெரியுது. பல்லைக்கூட எண்ணிரலாம். இதுக்கு மேல என்ன தெரியணும்?”

பின் வரிசையிலிருந்து ஒருத்தி, “இவ்வளவு பரிஞ்சு பேசுறியே, சொந்தக்காரவங்களா?” என்றாள்.

“ஆமா, சித்தப்பா பிள்ளைங்க. போன பொங்கலுக்கு வந்திருந்தாங்க, நீங்கதான் காலனிப் பக்கமே வர்றதில்லையே.”

எல்லோரும் சிரித்தோம். அவளும்தான். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, “அப்ப என் படம் வந்தாலும் தள்ளிருவீங்களாக்கா?” என்றாள். நான், “வேலையப் பாரு” என்றேன். அன்று அவள் செய்த படங்களில் பெரும்பாலானவற்றைத் தப்பு என்று குறித்தேன். கோபத்தில் செய்யவில்லை என்று சத்தியம் செய்வேன். விதி என்று நினைத்துச் செய்தேன். ஆனால் அவள் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு என் விரல் இன்னும் வேகமாக ஓடியதா என்று சந்தேகமாக இருக்கிறது.

அதே மாதிரிப் படங்கள் மூன்று மாதம் வந்தன. அவள் மாறவில்லை, நானும் மாறவில்லை. மூன்றாவது மாதக் கடைசியில் மேனேஜர் அவளை உள்ளே கூப்பிட்டார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து, டிராயரிலிருந்த சீப்பையும் தன் மகளின் படத்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, “வர்றேங்கா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அவள் போய் இருபது நாள் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. முன்பு செய்த மென்பொருளுக்குக் கறுப்பின மக்களின் முகங்கள் அடையாளம் தெரியாமல் போனதால், அதைச் சரிசெய்யத்தான் இந்தப் படங்களைக் குடும்பம் குடும்பமாகப் போய்க் கேட்டு வாங்கினார்களாம். அந்த மக்களில் சிலரே வேலையை நடத்துகிறார்களாம். நம்பிக் கொடுத்த படங்களில் இத்தனை ஏன் தள்ளப்பட்டன என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “வீட்டுல எடுத்த படம், வெளிச்சம் பத்தலன்னு எழுதிடுங்க மேடம். உங்க இங்கிலீஷ்தான் நல்லாருக்கும்.”

“சார், அப்ப அந்தப் பொண்ணு செஞ்சதுதானே கரெக்ட்?”

“அவங்கதான் போயிட்டாங்களே. இப்பப் போயி செக்கிங்கே தப்புன்னு நாம சொன்னா, வேலைய வேற ஊருக்குக் கொடுத்துருவான். பதினோரு பேரு உக்காந்திருக்காங்க. அதுல நாலு பேரு அவங்க காலனிதான். அவங்களையும் சேத்து வீட்டுக்கு அனுப்பவா?”

திரும்பி வந்து அந்த போல்டரைத் திறந்தேன். அதே மானிட்டர், அதே வெளிச்சம். அடுப்படிப் பெரியவரின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. வெளிச்சம் பத்தவில்லை என்று எழுதி அனுப்பினேன். பதிலுக்குக் கம்பெனியிலிருந்து, தோலின் நிறம் தள்ளுவதற்குக் காரணமாகக் கூடாது என்று புதிய விதி வந்தது. இப்போது யாரும் தள்ளுவதில்லை. முன்பு தள்ளியவை தள்ளியபடியே கிடக்கின்றன.

போன வாரம் பள்ளி வாசலில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகளும் அங்கேதான் படிக்கிறாள். தஞ்சாவூரில் இதே மாதிரி ஒரு சென்டரில் ஆள் எடுக்கிறார்களாம். பழைய சென்டரிலிருந்து வேலை எப்படி என்று ஒரு கடிதம் கேட்கிறார்களாம்.

“சார் கொடுத்த லெட்டர்ல தப்பு அதிகம்னு போட்டிருக்குக்கா. நீங்க செக்கர், நீங்க ஒரு வார்த்தை எழுதினா எடுத்துக்குவாங்க. இல்லேன்னா வீட்டுக்காரரோட திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். இவளை அம்மாகிட்ட விட்டுட்டு.” சொல்லிக்கொண்டே மகளின் காலர் பட்டனைப் போட்டுவிட்டாள். என்மேல் கோபமே இல்லை. நான் கருணையோடு ஏதாவது எழுதித் தருவேன் என்று நம்பி நிற்கிறாள். அவள் செய்ததுதான் சரி என்பதும், அதற்கு அத்தாட்சியாகக் கடிதம் வந்திருப்பதும் அவளுக்குத் தெரியாது. “பாக்குறேன்” என்றேன்.

கணவரிடம் போனில் சொன்னேன். “நல்ல பொண்ணு, நல்லா உழைப்பான்னு பொதுவா எழுதிக்குடு, ஏன் உன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிற” என்றார். அப்படியும் ஒன்று எழுதிப் பார்த்தேன். நல்லா உழைப்பாள் என்ற வரியில் தப்பு அவளுடையதாகவே இருந்தது. பிறகு நடந்ததை நடந்தபடி எழுதினேன்: இவருடைய தப்புகள் என்று குறிக்கப்பட்டவை தப்புகள் அல்ல, குறித்த நான்தான் தவறினேன் என்று. அந்தக் காகிதம் மகளின் ரைம்ஸ் புத்தகத்துக்குள் நான்கு நாளாக இருக்கிறது. அது தஞ்சாவூர் போனால் மேனேஜர் காதுக்கு வரும், அங்கிருந்து கம்பெனிக்குப் போகலாம். அந்த நாலு பெண்களின் முகமும் என் கண்முன் வருகிறது.

வெள்ளிக்கிழமைக்குள் அவள் கடிதம் கொடுக்க வேண்டும். படிக்கிற நீங்கள் சொல்லுங்கள்: இதை அவள் கையில் கொடுக்கட்டுமா? கொடுப்பதற்கு முன் அந்த நாலு பேரிடமும் சொல்ல வேண்டுமா, அல்லது அப்படிச் சொல்வது என் பாரத்தை அவர்கள் தலையில் இறக்குவதாகுமா? இந்த மாதிரி இடத்தில் நின்றவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.