என் மகள் மேடையேற்றிய பழைய சொல்

"நின்னுக்கினே கீறியே, நீ எப்பம்மா குந்துவ?" ஐந்தாவது படிக்கும் என் மகள் ஒரு பஸ் பயணத்தில் என்னிடம் கேட்ட கேள்வி இது.

ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் சத்தியவேட்டிலிருந்து திருப்பதிக்கு அவளை ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்கு அழைத்துப் போனேன். தலைப்பு, 'என் அம்மா'. பள்ளியிலிருந்த பழைய அகராதியில் கண்டெடுத்த 'ஸ்விங்க்' (swink) என்ற வினைச்சொல்லைப் பேச்சில் சேர்த்திருந்தாள். உடல் ஓயும்வரை பாடுபடுவது என்று பொருளாம். இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை.

"நடுவருக்கே தெரியாதுடி, மார்க் போயிடும். 'ஒர்க்'னே சொல்லு" என்று பஸ்ஸில் கெஞ்சிக்கொண்டே வந்தேன்.

மேடையில் அவள் 'ஸ்விங்க்' என்றுதான் சொன்னாள். நடுவர் பேச்சை நிறுத்தி, அப்படி ஒரு சொல் உண்டா என்று தெலுங்கில் கேட்டார். என் மகளும் நிதானமாகத் தெலுங்கிலேயே சொன்னாள்: "பழைய சொல் சார். எங்கம்மா ஸ்ரீசிட்டி கம்பெனியில பகல் முழுக்க நின்னு செய்யறது ஒர்க். வீட்டுக்கு வந்ததும் உக்காராம அடுப்புகிட்ட நிக்கிறாங்களே, அது ஸ்விங்க்."

பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் நடுவர் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டபோது, இவள் என் மகள் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் கிடைத்த ஒரே சீட்டில் அவளை உட்காரவைத்துவிட்டு நான் நின்றேன். அப்போதுதான், எப்போது குந்துவாய் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவள் என்னை இவ்வளவு கவனிப்பது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்கு என்ன பதில் சொல்வது? உங்கள் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதை எனக்கு எழுதுங்களேன்.