தூதாவின் இடுப்புக் கச்சை

தூதாவுக்கு ஒரே மகன், மோஹா. அவனுக்குப் பின் உண்டான இரண்டு கருவும் பாதியிலேயே நின்றுவிட்டன. அவர்கள் வாழும் அட்லஸ் மலையில் அதைப் 'போய்விட்டது' என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளை வயிற்றில் தூங்குகிறது, வேளை வந்தால் விழிக்கும் என்பார்கள். புருஷன் செத்து, தலை நரைத்த பிறகும் தூதா இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டுவதில்லை; உள்ளே தூங்குகிறவர்களுக்கு மூச்சு முட்டுமாம். விறகுச் சுமையோடு வருகையில் கச்சை நழுவித் தொங்கும். பக்கத்து வீட்டுக்காரிகள் சிரித்தால், "போங்கடி, அவங்கவங்க வேலையப் பாருங்க" என்று விரட்டுவாள்.

மருமகள் இத்தோவுக்கும் போன குளிர்காலத்தில் நாலாம் மாதம் அப்படியே ஆயிற்று. "தூங்குது, விடுடி" என்று தேற்றியவள் தூதாதான். மறுபடி வயிறு தெரிந்ததும், "முழிச்சுக்கிட்டான் பாத்தியா, தூங்குமூஞ்சிப் பய!" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

ஆகவே தூதா கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் தாதி சஃபியா, "இதுதானே முதல் பிள்ளை?" என்று கேட்டதும் இத்தோ தயங்காமல் "ஆமா" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது அதே பிள்ளைதான்.

சஃபியா ரத்தத்தைச் சோதித்துவிட்டு வந்தாள். "உன் ரத்தம் நெகட்டிவ். பிள்ளைக்கு அப்பன் ரத்தம் வந்திருந்தா பாசிட்டிவா இருக்கும். பயப்படாத, முதல் பிள்ளைக்கு அநேகமா ஒண்ணும் ஆகாது. ஊசி போட்டா அடுத்ததையும் காப்பாத்திடலாம். முன்னாடி ஒண்ணு கலைஞ்சு, ஊசி போடாம விட்டிருந்தாத்தான் கவலை. தாயோட ரத்தமே பிள்ளை ரத்தத்தை அழிக்கப் பாக்கும். உனக்குத்தான் அப்படி எதுவும் இல்லையே."

இத்தோ மாமியாரைப் பார்த்தாள்.  தூதா வாயைத் திறந்தால் இத்தோவின் முதல் பிள்ளை செத்ததாகிவிடும். அது செத்ததென்றால் தன்னுடைய இரண்டும்? வாயை மூடிக்கொண்டாலோ, இந்தப் பிள்ளைக்கு ஆபத்து.

"இது ரெண்டாவதும்மா," என்றாள் சஃபியாவிடம். "முதல்ல ஒண்ணு போயிடுச்சு."

"அத்தை! தூங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்டி. ஆனா போயிடுச்சு." பிறகு மெல்லக் கேட்டாள். "என்னோட ரெண்டும் இப்படித்தான் போயிருக்குமாம்மா?"

"இருக்கலாம்மா," என்றாள் சஃபியா.

மறுபரிசோதனையில், தாயின் ரத்தம் சண்டையைத் தொடங்கிவிட்டது தெரிந்தது. அதன்பின் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலையாய் அலைந்தார்கள். நாள் நிறையுமுன்பே, உடம்பெல்லாம் மஞ்சளாக ஒரு பெண் குழந்தை பிறந்து, மஞ்சளைப் போக்கும் நீல விளக்கின் அடியில் கிடந்து தேறியது.

வீட்டுக்கு வந்தபின் ஆடு அறுத்துப் பெயர் வைத்தார்கள். "தூங்குமூஞ்சிப் பய பொண்ணா முழிச்சிட்டானே!" என்று பக்கத்து வீட்டுக்காரி சீண்டினாள்.

"இவ வேற, அவன் வேற," என்றாள் தூதா. பேத்தியை முதுகில் போட்டுக்கொண்டு, கச்சையைச் சுற்றி, பல்லைக் கடித்தபடி இறுக்கிக் கட்டினாள்.