மேஜைக்கு அடியில் இருந்த பழைய பெட்டி

கரண்டுக்காரருக்கு சிஸ்டம் மேல் இருந்த கடுப்புக்குப் பதினோரு வயது. குளிர்பதனக் கிடங்கில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவனை எல்லோரும் சிஸ்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டைத் தவிர அவன் பெயர் வேறெங்கும் புழங்கவில்லை.

அந்தக் கிடங்கில் ஒவ்வொரு ஒயரும் கரண்டுக்காரர் கை பட்டது. கம்ப்யூட்டர் அறைக்கும் அவர்தான் ஏணி போட்டு, சுவரைக் கொத்தி, எட்டு பிளக் பாயிண்ட் வைத்துக் கொடுத்தார். வேலை முடிந்து கைகூடக் கழுவவில்லை, சிஸ்டம் மேனேஜர் முன்னால் போய் நின்று, "இனிமே இந்த ரூமுக்குள்ள கரண்டுக்காரங்க யாரும் வரக்கூடாது சார்" என்றான். அதோடு விட்டானா? அவர் வைத்த பாயிண்டுகளிலேயே சிவப்பு டேப்பை ஒட்டி 'தொடாதே' என்று எழுதி வைத்தான். வயதில் மூத்தவன் படிப்பானே என்று ஒரு மரியாதைக்குக்கூட 'தொடாதீங்க' என்று எழுதவில்லை. ஏழாவதோடு நின்றவர்தான், ஆனால் அதைப் படிக்கத் தெரியாதா என்ன?

மற்றபடி சிஸ்டம் கெட்டவன் இல்லை. ஒல்லி உடம்பு, வாய் ஓயாத பேச்சு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து அவன் பேச்சு பாதியானது. தண்ணீர் குடிப்பதானாலும் பாத்ரூம் போவதானாலும் அவன் கை வேண்டும் அவளுக்கு. மேனேஜர், "மெஷின் ஓடுற வரைக்கும் நீ வீட்ல இருந்தே பாரு" என்று விட்டுக்கொடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அதில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கிடங்கின் மருந்து அறைகளில் எத்தனை டிகிரி இருக்கிறது என்பதை அவன் அங்கிருந்தே பார்த்தான். அந்த இணைப்பு இருந்தால் அவள் பக்கத்தில் அவன் இருக்கலாம். அது அறுந்தால் இல்லை.

அவன் வீட்டோடு இருந்த காலத்தில் ஒருநாள் கம்ப்யூட்டர் அறை ஏசி கெட்டுப்போனது. மேனேஜரே கரண்டுக்காரரை உள்ளே அனுப்பினார். டிரில்லுக்குப் பாயிண்ட் காலியில்லை. மேஜைக்கு அடியில், திரையும் கீபோர்டும் இல்லாத ஒரு பழைய பெட்டி முனகிக்கொண்டு கிடந்தது. அதன் பிளக்கிலும் சிவப்பு டேப். பரபரவென்று டேப்பைக் கிழித்துப் பிளக்கைப் பிடுங்கினார். வேலை முடிந்தும் திரும்பச் சொருகவில்லை. மறதி பாதி, வீம்பு பாதி. நாலு மாதம் யாரும் கேட்கவில்லை, எதுவும் நிற்கவில்லை. குப்பையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான் என்று நினைத்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்த அப்டேட்டை சிஸ்டம் வீட்டிலிருந்தே போட்டான். கிடங்கு கம்ப்யூட்டர் அறையில் இருந்த மெஷின் அணைந்து எழுந்தது. அதிலிருந்து வெளியிலிருந்து உள்ளே போக முடியவில்லை. பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளும், பிறகு அப்படியே நிற்கும். கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கும். இரண்டு நிமிடத்தில் இணைப்பு தானே அறுந்துவிடும்.

திங்கட்கிழமை கரண்டுக்காரரின் போன் அடித்தது.

"அண்ணே, நான் சிஸ்டம் பேசறேன். கொஞ்சம் அந்த ரூமுக்குள்ள போகணும்."

"எனக்குத்தான் அங்க தடையாச்சே."

"குத்திக்காட்டாதீங்கண்ணே. நீங்கதான் என் கண்ணு இப்போ."

கரண்டுக்காரருக்குக் கொஞ்சம் குளிர்ந்துதான் போனது. திரையில் இருந்ததை எழுத்து எழுத்தாகப் படித்தார். "ஒரு குச்சி. பக்கத்துல முட்டை. முட்டைக்கு வாலு இருக்கு."

"அது க்யூ அண்ணே."

"உங்க க்யூவ நீங்களே வெச்சுக்கங்க. அப்புறம் பாம்பு."

மறுமுனையில் சிரிப்பு. பின்னால் பெண்ணின் குழறிய குரல் எதையோ கேட்டது. "இதோ வந்துட்டேன்மா" என்று போனைக் கீழே வைத்த சத்தம். பத்து நிமிடம் கரண்டுக்காரர் காத்திருந்தார்.

நேராக உட்கார்ந்து தட்டினால் மெஷின் ஒழுங்காக வேலை செய்தது. வெளியிலிருந்து வந்தால் மட்டும் தொங்கியது. கேபிளை மாற்றினார்கள். அணைத்துப் போட்டார்கள். அப்டேட்டைத் திருப்பி எடுக்கப் பார்த்தார்கள், இடமில்லை என்றது. செவ்வாய்க்கிழமை சிஸ்டம் கேட்டான்: "மேஜைக்கு அடியில பழசு ஒண்ணு இருக்குமே, அது எரியுதா?"

கரண்டுக்காரர் மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தார்; பிளக் அப்படியே கீழே கிடந்தது. கிழித்த டேப்பைப் பற்றி இப்போது எப்படிச் சொல்வது? "எரியுது, எரியுது" என்றார்.

போனை வைத்ததும் குனிந்து பிளக்கைச் சொருகினார். பின்பக்கம் சின்னதாகப் பச்சை விளக்கு வந்தது. அப்பாடா என்றிருந்தது. சாயங்காலமும் இணைப்பு தொங்கவே, அப்படியானால் தப்பு நம்முடையதில்லை என்று நிம்மதியாகிவிட்டார்.

புதன்கிழமை மேனேஜர் சொல்லிவிட்டார்: நாளைக்கு நேரில் வா, இல்லை வேறு ஆள் பார்க்கிறேன்.

சிஸ்டம் வந்தான். தாடி, கசங்கிய சட்டை. மனைவியை அடுத்த வீட்டம்மாவிடம் விட்டிருந்தான். போனை மேஜைமேல், கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தான். ஒரு மணி நேரம் தலை நிமிரவில்லை.

"அண்ணே, கதவு திறந்துதான் இருக்கு. யார் வந்தாங்கன்னு நோட்டுல எழுதற வாட்ச்மேனைத்தான் காணோம். அந்தப் பழைய பெட்டிதான் எழுதும். முன்னாடியெல்லாம் அது எழுதலேன்னாலும் இந்த மெஷின் உள்ள விட்டுரும். அப்டேட்டுக்கு அப்புறம், எழுதியாச்சுன்னு பதில் வந்தாத்தான் விடுது. ஆனா நீங்க எரியுதுன்னு…"

போன் அடித்தது. அடுத்த வீட்டம்மா அடுப்பை அணைக்க வீட்டுக்குப் போன ஐந்து நிமிடத்தில் அவன் மனைவி தானாக எழுந்திருக்கப் பார்த்து, பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டாள். தலையில் அடி.

சிஸ்டம் ஓடினான். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி சுற்றிக்கொண்டிருந்தது.

கரண்டுக்காரர் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனார். பச்சை விளக்கு எரிந்தது. காதை வைத்துப் பார்த்தார்; முனகல் இல்லை. கரண்ட் வந்திருந்தது, பெட்டி ஓடவில்லை. முன்பக்கம் ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினார். பெட்டி உறுமி எழுந்தது. மேனேஜர் தன் அறையிலிருந்து இணைத்துப் பார்த்தார். இரண்டு நொடியில் உள்ளே போனது. "அட, நீ பெரிய ஆளுய்யா!" என்று முதுகில் தட்டினார். கரண்டுக்காரர் வெளியே போய் வாந்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். பத்தாம் நாள் இல்லை.

மூன்று வாரம் கழித்து லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க சிஸ்டம் வந்தான். கம்ப்யூட்டர் அறை வாசலில் இருவரும் நின்றார்கள்.

"பெட்டிய நீங்கதான் ஸ்டார்ட் பண்ணீங்கன்னு மேனேஜர் சொன்னாரு. அதுவா நின்னு போயிருக்கும் போல. பழசுதானே." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் அந்த அப்டேட்டப் போட்டிருக்கவே கூடாதுண்ணே. என் கையாலயே கெடுத்துக்கிட்டேன்."

"தம்பி…" என்றார் கரண்டுக்காரர்.

"இப்ப தினம் ஆபீசுக்கு வரச் சொல்றாங்க. வரலாம். வீட்ல யாரு இருக்கா? அதான் வர முடியல. வேலைய விட்டுட்டேன்."

பாக்கெட்டிலிருந்து அறைச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டான்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யுங்கண்ணே. இந்த ரூமுக்குள்ள உங்களத் தவிர யாரையும் விடாதீங்க."